வித்தை வந்த வழி
(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் பேசியது)



மனிதன் புதிது புதிதாக ஒன்றைச் செய்கிறானே, அந்தச் சக்தி அவனுக்கு எங்கிருந்து வந்தது, அது எப்படி வளர்ந்தது, சில இடங்களில் ஏன் வளராமல் நின்றுவிட்டது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லலாமென்று வந்திருக்கின்றோம். நாம் சொல்லுவதை நீங்கள் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டுமென்பதில்லை. வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடலாம்.

நம் ஜனங்களை இதைப்பற்றிக் கேட்டால் என்ன சொல்லுகிறார்கள்? "அது சரஸ்வதி கடாட்சம்" என்கிறார்கள். "பூர்வ ஜென்ம வாசனை" என்கிறார்கள். திருவானைக்காவில் அம்மன் தன் வாய்த் தாம்பூலத்தைக் காளமேகம் வாயில் உமிழ்ந்தாளாம், அந்தக் கணமே அவர் கவி மழை பொழியத் தொடங்கினாராம். இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கின்றோம். நாம் ஒரே ஒரு கேள்வி மாத்திரம் கேட்கின்றோம். காளமேகம் எந்தப் பாஷையில் பாடினார்? தமிழில் பாடினார். எதில் பாடினார்? வெண்பாவில் பாடினார், ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வரும்படி சிலேடையில் பாடினார். அந்தத் தமிழ்ச் சொற்களை எத்தனை கோடி வாய்கள் பேசிப் பேசிப் பண்படுத்தி வைத்திருந்தன! அந்த வெண்பாவை அவருக்கு முன் எத்தனை நூறு புலவர்கள் செய்து செய்து கட்டு நயம் கண்டு வைத்திருந்தார்கள்! அதெல்லாம் தாம்பூலத்தில் இருந்ததா? காளமேகத்தின் திறமையை நாம் குறைத்துப் பேச வரவில்லை. அவர் உழைப்பையும், அவருக்கு முன்னிருந்தவர்கள் உழைப்பையும் ஒரு வாய் வெற்றிலையில் அடக்கிவிடுகிறார்களே என்றுதான் வருத்தப்படுகின்றோம்.

இங்கிலீஷ் படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் அவர்களிடத்திலும் வேறொரு தாம்பூலக் கதை இருக்கின்றது. ஜேம்ஸ் வாட் என்னும் பையன் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தானாம், வெந்நீர்க் கெட்டிலின் மூடி ஆவியால் மேலே எழும்பிற்றாம், அதைப் பார்த்த மாத்திரத்தில் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டானாம்! அம்மன் இருந்த இடத்தில் கெட்டில் இருக்கின்றது. மற்றபடி இரண்டு கதைக்கும் வித்தியாசம் ஒன்றும் நமக்குத் தெரியவில்லை.

வாஸ்தவத்தில் நடந்தது என்ன? வாட் பிறந்தது 1736-ம் வருஷத்தில். நீராவி இயந்திரமோ 1712-லேயே, அதாவது அவர் பிறப்பதற்கு 24 வருஷங்களுக்கு முன்னாலேயே, இங்கிலாந்தில் டட்லி என்னும் ஊரருகே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. அதைச் செய்தவர் தாமஸ் நியூகோமன் என்னும் இரும்புச் சாமான் வியாபாரி. சரி, அவர் தலையிலாவது அது திடீரென்று உதித்ததா என்றால் அதுவும் இல்லை. 1643-ல் இத்தாலியில் டாரிசெல்லி என்பவர் பாதரசக் குழாயை வைத்துக் காற்றுக்கும் கனம் உண்டென்று காட்டினார். அதற்குச் சில வருஷங்கள் கழித்து ஜெர்மனியில் மாக்டபர்க் நகரத் தலைவர் குவெரிக் என்பவர் இரண்டு செப்புக் கிண்ணங்களை ஒன்றாகச் சேர்த்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, இரண்டு பக்கமும் குதிரைகளைக் கட்டி இழுக்கச் செய்தும் பிரிக்க முடியவில்லை. 1690-ல் பிரெஞ்சுக்காரரான பாப்பின் என்பவர் சிலிண்டருக்குள் ஆவியைக் குளிரவைத்து ஒரு தண்டைக் கீழே இறங்கச் செய்யலாமென்று கண்டார். 1698-ல் சேவரி என்பவர் ஆவியினால் தண்ணீர் இறைக்கும் சாதனம் ஒன்றுக்கு உரிமை பெற்றார். இத்தனை பேர் போட்டு வைத்த படிகளின் மேல்தான் நியூகோமன் ஏறினார். ஒருவர் இத்தாலியர், ஒருவர் ஜெர்மானியர், ஒருவர் பிரெஞ்சுக்காரர். இவர்களுடைய எண்ணமெல்லாம் எல்லை தாண்டி ஒரு இரும்புக் கடைக்காரர் கைக்கு வந்து சேர்ந்தது என்பதுதான் இதில் கவனிக்கவேண்டிய அதிசயம்.

வாட் செய்தது என்ன? அவர் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் கருவிகள் செய்து ரிப்பேர் பார்க்கும் கைத்தொழிலாளி. 1763-ல் சர்வகலாசாலைக்குச் சொந்தமான நியூகோமன் இயந்திரத்தின் சிறிய மாதிரி ஒன்று ரிப்பேருக்காக அவரிடம் வந்தது. அது ஒவ்வொரு தடவையும் சிலிண்டரைச் சுடவைத்து, உடனே குளிரவைத்து, மறுபடியும் சுடவைத்து ஆவியை வீணாக்குவதை அவர் கவனித்தார். அதே சர்வகலாசாலையில் ஜோசப் பிளாக் என்னும் ஆசிரியர், தண்ணீர் ஆவியாகும்போது அதற்குள் மறைந்து நிற்கும் உஷ்ணத்தைப் பற்றி ஆராய்ந்து பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். கைவேலைக்காரரும் ஆசிரியரும் சிநேகிதர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். 1765-ல் வாட்டுக்கு யுக்தி தோன்றிற்று: ஆவியைக் குளிரவைக்கத் தனியாக ஒரு பாத்திரம் வைத்தால் சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்கும் என்பது. 1769-ல் அதற்கு உரிமை பெற்றார். ஆனால் இயந்திரம் வேலை செய்ததா? ஒழுங்காகச் செய்யவில்லை. ஏனெனில் ஆவி கசியாதபடி சரியான வட்டமாகச் சிலிண்டர் கடைய அப்போது ஆளில்லை. பிறகு ஜான் வில்கின்சன் என்னும் இரும்பு ஆலைக்காரர் பீரங்கிக் குழாய் துளைப்பதற்காக 1774-ல் ஒரு புது முறை கண்டார். அந்த முறையில் கடைந்து கொடுத்த சிலிண்டரில்தான் வாட்டின் இயந்திரம் உருப்படியாக ஓடத் தொடங்கிற்று. மனிதனைக் கொல்லுவதற்குச் செய்த வேலை, மனிதன் தண்ணீர் இறைப்பதற்கும் உதவிற்று!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெரியவர் என்பதற்காக எவரையும் பூசிக்கக் கூடாதல்லவா? வாட் தம் உரிமையை 1800-ம் வருஷம் வரையில் நீட்டித்துக்கொண்டு, மற்றவர்கள் அதில் கைவைக்க முடியாமல் வழக்குப் போட்டுத் தடுத்தார். அதிக அழுத்தமுள்ள ஆவியை உபயோகிப்பது ஆபத்தென்று எதிர்த்தும் வந்தார். அவருடைய உரிமை தீர்ந்து நாலு வருஷத்துக்குள், 1804-ல், டிரெவிதிக் என்பவர் அதிக அழுத்த ஆவியைக் கொண்டே வேல்ஸ் தேசத்தில் தண்டவாளத்தின் மேல் வண்டி ஓட்டிக் காட்டினார். இதைவிட நமக்கு முக்கியமாகத் தோன்றுவது கார்ன்வால் சுரங்கக்காரர்கள் செய்த காரியம். 1811 முதல் ஜோயல் லீன் என்பவர் மாதாமாதம் ஒரு பத்திரிகை போட்டார். எந்தச் சுரங்கத்து இயந்திரம் எவ்வளவு கரியில் எவ்வளவு தண்ணீர் இறைத்தது, அதன் அமைப்பு எப்படிப்பட்டது, அதைப் பார்த்துக்கொள்ளும் எஞ்சினியர் யார் என்பதெல்லாம் அதில் பகிரங்கமாக வெளிவந்தன. ஒருவன் செய்த சிறு திருத்தத்தை அடுத்த மாதம் பத்துப் பேர் படித்தார்கள். அதில் ஒருவன் மேலும் திருத்தினான். முப்பது சொச்சம் வருஷங்களுக்குள் அதே அளவு கரிக்கு மும்மடங்குக்கு மேல் வேலை கிடைத்தது. அதைச் செய்த பெரிய மேதாவி யார் என்று கேட்டால் சொல்ல ஒரு பெயரும் இல்லை. ஆகவே பள்ளிக்கூடப் புஸ்தகத்தில் கெட்டில் இருக்கின்றது, கார்ன்வால் இல்லை.

நிற்க, ஒரு தோழர், "அப்படியானால் மூளை என்பது ஒன்றுமே இல்லையா? வெள்ளைக்காரனுக்கு இயற்கையிலேயே மூளை அதிகம், அதனால்தானே செய்தான்?" என்று கேட்கலாம். இதற்குப் பதிலாக உலகத்தின் வட கோடியில் நடந்த ஒரு சமாசாரத்தைச் சொல்லுகின்றோம்.

கிரீன்லாந்து என்னும் பனித் தீவின் வடமேற்குக் கரையில் இனுயிட் ஜாதியார்களில் ஒரு சிறு கூட்டத்தார் வாழ்ந்து வந்தார்கள். நாம் ஒரு நாள்கூட உயிர் தரிக்க முடியாத இடம் அது. மரம் கிடையாது, மாதக்கணக்கில் சூரியன் தோன்றாத இரவு. அங்கே தோலால் உடை தைத்து, பனிக்கட்டியால் வீடு கட்டி, கடற்பிராணிகளை வேட்டையாடி வாழ்ந்தவர்களை மூளை இல்லாதவர்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? மற்ற இனுயிட்டுகளிடம் கயாக் என்னும் தோல் படகு உண்டு. வில் அம்பு உண்டு. மீன் குத்தும் கவர் ஈட்டி உண்டு. ஆனால் 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளியார் இக்கூட்டத்தாரைக் கண்டபோது இவர்களிடம் படகும் இல்லை, வில்லும் இல்லை. ஆதியில் இருந்தவை போய்விட்டன. ஒரு கொள்ளை நோய் வந்து வயது முதிர்ந்தவர்களைக் கொண்டுபோய்விட்டதென்றும், அவர்களோடு அந்த வேலையும் போயிற்றென்றும் அவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். கடலில் பிராணி கண்ணெதிரே நீந்தும், கிட்டே போகப் படகில்லை. மேட்டில் மான் மேயும், எய்ய வில்லில்லை.

தோழர்களே! அந்த வாலிபர்கள் முட்டாள்களா? பசி அவர்களுக்கு இல்லையா? படகு என்று ஒன்று இருந்ததை முதியோர் வாயால் கேட்டுமிருந்தார்கள். ஆனாலும் அவர்களால் மறுபடியும் அதைச் செய்ய முடியவில்லை. எலும்பை எப்படி வளைப்பது, தோலை எப்படித் தண்ணீர் புகாமல் தைப்பது, எந்த இடத்தில் கட்டை எவ்வளவு நீளம் என்பதெல்லாம் ஒரு ஆள் தன் ஆயுளில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கும் காரியமல்ல. அது நூறு தலைமுறையின் சேமிப்பு. சங்கிலியில் ஒரு கண்ணி அற்றது, சேமிப்பு முழுவதும் போயிற்று.

பிறகு என்ன ஆயிற்று? 1860-களில் கனடாப் பக்கத்து பாபின் தீவிலிருந்து கிட்லார்சுவாக் என்பவர் தலைமையில் வேறு இனுயிட்டுகள் சிலர் நெடுந்தூரம் பனியில் பிரயாணம் செய்து இவர்களிடம் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வந்து படகு கட்டக் கற்றுக்கொடுத்தார்கள். வில் செய்யவும் மீன் குத்தவும் கற்றுக்கொடுத்தார்கள். இவர்கள் சுலபமாகக் கற்றுக்கொண்டு வேட்டைக்குப் போனார்கள். அதே மூளைதான், அதே கைதான், அதே பனிதான். அந்நியன் ஒருவன் வந்து சொல்லிக்கொடுத்தான், இவர்கள் "உன் வித்தை எங்களுக்குத் தீட்டு" என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. முதலில் பாபின் தீவு மாதிரியிலேயே பெரிய படகாகச் செய்தார்கள். பிறகு மேற்குக் கிரீன்லாந்துக்காரர்களின் ஒடுக்கமான படகைப் பார்த்து மெள்ள மெள்ள அதையும் மாற்றிக்கொண்டார்கள்.

அந்தப் பனித் தீவில் வழியை அடைத்தது நோய். நம் நாட்டில் வழியை அடைத்தது யார்? அதைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

தென்னிந்தியாவில் மூசையில் இரும்பை உருக்கி எஃகு செய்யும் வித்தை வெகு காலமாக இருந்து வந்தது. கொடுமணலில் தோண்டியெடுத்த உலைகளைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பழமை என்று தெரியும். அந்த எஃகு கடல் தாண்டிப் போய் வாளாயிற்று. ஐரோப்பியர் அதற்கு "ஊட்ஸ்" என்று பேரிட்டு அதிசயித்தார்கள். அதைச் செய்த கொல்லன் யார்? அவன் பேர் எங்கும் இல்லை. இன்ன களிமண், இவ்வளவு கரி, இந்த இலை, இத்தனை நாழிகை ஊதல் என்று தகப்பன் மகனுக்குக் கையால் காட்டினான். மகன் அதை விடாமல் செய்தான். இந்தக் குல வித்தை முறையில் ஒரு நன்மை இருந்ததை நாம் மறுக்கவில்லை. உள்ளது கெடாமல் வந்தது. ஆனால் அந்தக் கொல்லன் தன் உலையில் என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று எழுதி வைக்க முடிந்ததா? பெரும்பாலோருக்கு எழுத்து கிடையாது. எழுத்து வைத்திருந்தவனோ உலையங்கூடத்துக்குள் காலெடுத்து வைத்தால் அவன் பெருமை போய்விடும். கையுள்ளவனுக்கு ஏடு இல்லை. ஏடுள்ளவனுக்குக் கை இல்லை. கிளாஸ்கோவில் வாட்டும் பிளாக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பேசியது போல இந்த இரண்டு பேரும் ஒரு திண்ணையில் உட்கார நம் சாஸ்திரம் இடம் கொடுத்ததா?

அதே சமயத்தில் லண்டனில் வேறொரு கொல்லன் வீட்டைப் பாருங்கள். 1791-ல் ஒரு ஏழைக் கொல்லனுக்கு மைக்கேல் பாரடே என்னும் பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளை பதின்மூன்று பதினான்கு வயதில் புஸ்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பைண்டு செய்ய வந்த புஸ்தகங்களையெல்லாம் படித்தது. 1812-ல் ஹம்ப்ரி டேவி என்னும் ரசாயன சாஸ்திரியின் பிரசங்கங்களைக் கேட்டு, குறிப்பெழுதி, பைண்டு செய்து, அவருக்கே அனுப்பிற்று. 1813-ல் அவரிடம் உதவியாளாகச் சேர்ந்தது. அங்கே மாத்திரம் உயர்வு தாழ்வு இல்லையென்று நினைத்துவிடாதீர்கள். டேவியோடு ஐரோப்பா யாத்திரை போனபோது பாரடே வேலைக்காரனைப் போலவும் நடத்தப்பட்டார். ஆனால் கொல்லன் மகன் படிக்கக் கூடாது, படித்தால் பாவம் என்று சொல்ல அங்கே மனுதர்மம் இல்லை. அந்த அளவுக்குக் கதவு திறந்திருந்தது. அந்தப் பாரடே 1819-ல் உட்கார்ந்து ஆராய்ந்த பொருள்களில் ஒன்று என்ன தெரியுமா? நம் தென்னிந்தியக் கொல்லன் செய்த ஊட்ஸ் எஃகு! அதைப் போலச் செய்ய முயன்று பல உலோகங்களைக் கலந்து பார்த்தார். பிறகு 1831-ல் காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கலாமென்று கண்டார். இன்று இந்த மேடையில் எரிகிற விளக்குக்கு அதுதான் மூலம்.

இந்த இரண்டு கொல்லர்களையும் நினைக்கும்போதெல்லாம் நமக்கு வயிறு எரிகின்றது. இங்கே எஃகைச் செய்தவன் பிள்ளை, அங்கே அதை ஆராய்ந்தவன் பிள்ளையைவிட எந்த விதத்தில் மட்டம்? நம்மிடம் எத்தனை பாரடேக்கள் துருத்தி ஊதிக்கொண்டே செத்தார்களோ, யார் கணக்கெடுத்தது? ஏகலைவன் கட்டை விரலை வாங்கிய கதையை நம்மவர் குரு பக்திக்கு உதாரணமாகச் சொல்லுகிறார்கள். தானாகக் கற்றுக்கொண்டவன் கையையும் வெட்டி வாங்குவது பக்தியானால், கிரீன்லாந்துக் கொள்ளை நோயையும் பக்தியென்றே சொல்லலாம். வருஷத்துக்கு ஒரு நாள் உளிக்கும் சுத்திக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூஜை போடுகிறோம். உளி பிடிக்கிறவனைத் திண்ணையில் உட்கார வைத்தோமா என்றால், இல்லை.

இவ்விடத்தில் சிலர், "பூஜ்யத்தைக் கண்டுபிடித்தது நாமல்லவா?" என்று மார் தட்டுவார்கள். ஆம், அதை எண்ணாக வைத்து அதற்குக் கணக்கு விதிகளைப் பிரம்மகுப்தர் 628-ல் எழுதினார், நாம் மறுக்கவில்லை. ஆனால் அது வளர்ந்த வழியைப் பாருங்கள். பாக்தாதில் 9-ம் நூற்றாண்டில் அல்-குவாரிஸ்மி என்னும் முகம்மதியர் அதை எடுத்தாண்டு எழுதினார். அங்கிருந்து அது மேற்கே பரவி, 1202-ல் பிபொனாச்சி என்னும் இத்தாலியர் வியாபாரிகளுக்காகப் புஸ்தகமாக்கினார். அங்கேயும் வைதீகம் விட்டதா? 1299-ல் பிளாரன்ஸ் நகரத்து லேவாதேவிக்காரர் சங்கம், கணக்குப் புஸ்தகத்தில் இந்தப் புது எண்களை எழுதக்கூடாதென்று சட்டம் போட்டது! பழைய ரோமன் எழுத்தில்தான் எழுத வேண்டுமாம். அங்கே வியாபாரிக்குக் கணக்குச் சீக்கிரம் முடிய வேண்டியிருந்தது. ஆகையால் சட்டம் நிற்கவில்லை. நம் ஊரிலோ தமிழ் எண்களில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறி வைத்து எழுதுகிற வழக்கம் போன நூற்றாண்டு வரையில் கணக்குப்பிள்ளைகளிடம் இருந்தது. பூஜ்யம் நம்முடையது என்று பெருமை பேசியவர்களும் கணக்கை மாற்றிக்கொள்ள அவசரப்படவில்லை.

நம் எழுத்தின் சமாசாரமும் இப்படித்தான். கல்லில் வெட்டியபோது ஒரு மாதிரி இருந்தது, ஓலையில் கீறியபோது வேறு மாதிரி ஆயிற்று. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று புள்ளியையே விட்டுவிட்டு எழுதினார்கள். எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் பார்த்தவுடன் பிரித்தறியும்படி திருத்தியவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர். 1578-ல் கொல்லத்தில் தமிழ் அச்சேறியது. பிறகு ஈய அச்சுக் கோக்கிறவர்களுக்கு எத்தனை எழுத்து, எத்தனை அறை என்ற கஷ்டம் வந்தது. 1935-ல் "குடி அரசு" சில எழுத்துக்களை மாற்றி அச்சிடத் தொடங்கியபோது, தமிழே அழிந்துபோயிற்றென்று கூக்குரலிட்டவர்கள் உண்டு. 1978-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் அந்தத் திருத்தத்தை உத்தரவாகவே போட்டது. யானைத் துதிக்கை போல் வளைந்த பழைய லையையும் னையையும் இன்று நம் பேரப்பிள்ளைகளிடம் காட்டினால், "தாத்தா, இது என்ன எழுத்து?" என்று கேட்கிறார்கள். தமிழ் அழியவில்லை, தோழர்கள் கைபேசியில் கட்டை விரலால் தட்டி அனுப்புகிறார்கள். அந்தக் கட்டை விரலையாவது யாரும் குருதட்சணை கேட்காமல் இருக்கட்டும்.

நேரமாகிவிட்டது. இன்னும் சொல்ல நினைத்தது உண்டு. ஆனால் பின்வரிசையில் நிற்கிற பட்டறைத் தோழர் ஒருவர் வெகு நேரமாகக் கை தூக்கிக்கொண்டு நிற்கிறார். மூசையில் இலை போடுவதைப் பற்றி நாம் சொன்னதில் ஏதோ தப்பிருக்கிறதென்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரிகின்றது. அவரை மேடைக்கு வந்து பேசும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு நாம் உட்காருகின்றோம்.